பிடியரிசியில் மஞ்சள்

சோமனூர்,
சனிக்கிழமை.

பிரியமுள்ள கிருபா அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை இனியா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே மூன்று பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். சபையில் பிடியரிசி அண்டாவுக்குள் போன மாதம் ஒரு மஞ்சள் அரிசியைப் பார்த்தேன். ஒன்றுதான் என்று குனிந்தால் அங்கங்கே இன்னும் கிடந்தது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம். போனில் சொல்லாமல் இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் லைன் வீட்டில் இந்தப் பக்கம் ஜெபம் பண்ணினால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆமென் சொல்கிறார்கள், போன் வேண்டாம் என்கிறாள் அம்மா. உக்கடம் முஜீப் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் வருகிறார், அவர் கையில் கொடுக்கிறோம். அவர் பிரித்துப் படித்துவிடுவாரோ என்று அதற்கும் ஒரு சந்தேகம், சோற்றுப் பருக்கை வைத்து நாலு ஓரமும் அழுத்தி ஒட்டச் சொல்லியிருக்கிறாள்.

நீ போன பிறகுதான் சபையில் பிடியரிசி தொடங்கினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக டப்பாவில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் முன்னால் இருக்கும் அண்டாவில் கொட்ட வேண்டும். மாதக் கடைசியில் அதைப் பொங்கி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நம் டப்பாவை நான்தான் எடுத்துப் போவேன். மஞ்சள் அரிசியைப் பார்த்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்த கருப்பாத்தாள் சின்னம்மாவிடம் சொன்னாள். சின்னம்மாவிடம் சொன்ன பிறகு யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் போட்ட அரிசி என்றால் எங்கேயோ படைத்த அரிசி, இல்லையென்றால் யாரோ மந்திரித்து நம் அண்டாவில் கலக்கிறார்கள் என்று அன்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. அடுத்த விருந்தில் பாதிப் பேர் வயிறு சரியில்லை என்று சொல்லி இலையில் உட்காரவில்லை. சாப்பிட்டவர்களில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அது காலையிலிருந்தே காய்ச்சலில் கிடந்த குழந்தை, அதை யாரும் பேசவில்லை. அப்பா மட்டும், மஞ்சள் இருந்தா கொழம்புக்கு நல்லதுதான, எதுக்கு இத்தன ரோசனை என்று சிரித்தார். உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தெரியும் என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

சந்தேகம் முழுவதும் சென்னியம்மாள் மேல். உனக்குத் தெரியும், தறிக்காரர் வீதியில் சுப்பண்ணன் முதலாளி வீட்டம்மா. முதலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போதகரம்மா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார், முதலாளி தவறிப்போன பிறகு அந்த அம்மா நம் சபைக்கு வர ஆரம்பித்தார். வந்து நம்மோடு ஒரே பாயில் உட்காருகிறார். அதுதான் யாருக்கும் சீரணமாகவில்லை. நேத்து வரைக்கும் நம்ம கை பட்டுருமோன்னு டம்ளரத் தூக்கி ஊத்துனவங்க இன்னைக்குப் பக்கத்துல உக்கார்றாங்கன்னா சும்மாவா என்று கருப்பாத்தாள் சின்னம்மா கேட்கிறார். தறியை விட்டு யார் யார் திருப்பூர் கம்பெனிக்குப் போகப் போகிறார்கள் என்று கேட்டுவரத்தான் அந்த அம்மாவை மகன் அனுப்புகிறான் என்று ஒரு பேச்சு. இப்போது தறி அந்த மகன் கையில், அப்பாவும் நானும் அங்கேதான் வேலைக்குப் போகிறோம். அதனால் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பயம். சபையில் பேசினால் முதலாளி வீட்டுக்குப் போய்விடும், பேசாமல் இருந்தால் நாமும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம் என்று சபையில் நினைப்பார்கள்.

போன வாரம் போதகர் பக்திவிருத்தி என்ற வார்த்தையை வைத்துப் பிரசங்கம் பண்ணினார். ஜாஸ்தியாக ஜெபம் பண்ணுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லையாம், வீடு கட்டுகிற மாதிரி ஒருவரை ஒருவர் அன்பால் தூக்கிக் கட்டுவதாம், தனக்கு வசதியானதைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவருக்கு எது நல்லதோ அதைச் செய்வதாம். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே அவரவர் டப்பாவை மடிக்குக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்கள். ஜெபம் முடிந்து மூப்பர் அங்கப்பன் எழுந்து, இந்தப் படையல் மந்திரம் எல்லாம் ஒண்ணுமில்லீங்க, நமக்கு அறிவு இருக்குது, தைரியமாச் சாப்பிடலாம், இருந்தாலும் வாரவாரம் மூடியத் தொறந்து எல்லாரும் பார்க்கறாப்புல கொட்டிப்போடுங்க, மஞ்சள் யாருதுன்னு தெரிஞ்சா இனி அரிசி கொண்டுவர வேண்டாம்னு தன்மையாச் சொல்லிப்போடலாம் என்றார். தன்மையாச் சொன்னாலும் அதற்குப் பிறகு அந்த அம்மா எப்படி வருவார். அவர் அன்று காய்ச்சல் என்று வரவில்லை, இந்தப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. நாளைக்குத்தான் மூடி திறக்கும் முதல் ஞாயிறு.

இதற்கு மேல் அம்மா சொல்லாதது. அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருக்கிறாள், அவளுக்கு இதைப் படிக்கவும் வராது. உளவு பார்த்து வரச் சொல்லி என்னை அந்த வீட்டுக்கு அம்மாதான் அனுப்பினாள். காய்ச்சல் விசாரிக்க வந்தேன் என்று சொல்லச் சொன்னாள், ஆனால் எனக்குத்தான் வாய் வராதே, பின்கதவில் நின்றேன். சமையலறையில் அந்த அம்மா உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்தார், மஞ்சள்பொடி தொட்டு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், டப்பாவில் போட்டார். சொன்னதெல்லாம் நிஜம்தான் என்று நினைத்தேன். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். உள்ள வா அம்மணி, ஏன் வெளியவே நிக்கற என்றார். அந்த வீட்டுக்குள் என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை, அதற்கும் உள்ளே ஏதோ காரணம் இருக்கும் என்றே கால் வைத்தேன். என் கண் டப்பாவில் இருப்பதைப் பார்த்து அவரே சொன்னார். கண்ணு, எங்கூட்டுக்காரரு போனப்போ அவரு வாய்ல நான் போட்ட அரிசி இந்தக் கையாலதான். எங்கூட்டுல வெறும் அரிசியப் பிடியாப் புடிச்சுப் போடறதுன்னா அது வாய்க்கரிசி. நல்லா இருக்கறவங்களுக்கு, புள்ளகுட்டிக சாப்பிடறதுக்கு, இதே கையில வெறும் அரிசியாப் போட மனசு வரலீடா. அதுதான் எல்லாரும் நல்லா இருக்கோணும்னு துளி மஞ்சள் தொட்டுப் போடறேன் என்றார்.

இதைச் சபையில் சொல்லிவிட்டால் தீர்ந்ததே என்று எப்படியோ கேட்டுவிட்டேன். வேண்டாம் சாமி, நீங்க அன்பா வெக்கற காணிக்கையப் போயி சாவு அரிசின்னு நான் சொன்னதாயிரும், எல்லாரு மனசும் நொந்துபோகும், நீயும் சொல்லிப்போடாத என்றார். காபியும் கொடுத்தார், டம்ளரைத் தூக்கி ஊற்றவில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை. உனக்கு எழுதுவது சொன்னதில் சேருமா என்று தெரியவில்லை, நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். அம்மா கேட்டதற்கு அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். என்ன பார்த்தாய் என்று துருவினாள். ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அப்போதிருந்து என்னையும் ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

அம்மா முன்பே சொல்லி முடித்ததை விட்டுவிடாமல் எழுதிவிடுகிறேன். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, அறையில் கூட இருப்பவர்கள் சிரித்துப் பேசினாலும் எல்லாவற்றையும் நம்பிவிடாதே, யார் எதைக் கொடுத்தாலும் பார்த்துச் சாப்பிடு. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், சீக்கிரம் உன் முகத்தைப் பார்க்கக் கிருபை செய்யட்டும். கடிதம் கிடைத்தால் போனில், சட்டை அளவு சரியாக இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமாம், அம்மா புரிந்துகொள்வாள்.

குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் கேட்கிறது. இதை எழுதுவதற்கு நடுவில் எழுந்து, அலமாரியிலிருந்து நம் பிடியரிசி டப்பாவை இறக்கி, அரிசியை முறத்தில் கொட்டி, மஞ்சள்பொடி எடுத்துத் தண்ணீர் தொட்டு நன்றாகப் பிசறி, மறுபடி டப்பாவில் அள்ளிப் போட்டு மூடி வைத்தேன்.

அம்மாவுக்காக எழுதிய
இனியா