பெல்ட் போட்ட எஞ்சின்

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, கார் சௌக்கியமில்லை, நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்பது நீங்கள் எழுதினால்தான் தெரியும். எதிர்வீட்டுத் தையல்காரி தெரு முழுக்கச் சொல்வதற்கு முன்னால் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் காரின் பானட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, போய்ச் சேர்ந்த உன் அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பால் வாங்கப் போனவள் நின்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து, அக்கா, உள்ள யாரு இருக்காங்க என்றாள். வீட்டுக்காரர்தான் என்று வாய் தவறி வந்துவிட்டது. பால் வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் கடுங்காப்பி.

திட்டாமல் என்ன செய்வது. சிக்னலில் நின்றால் சூட்டு முள் மளமளவென்று ஏறுகிறது, காலை அழுத்தினால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, உள்ளே கருகிய ரப்பர் வாசம் வேறு. ஒர்க்‌ஷாப் தம்பியைக் கூப்பிட்டேன், எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் யோசிப்பானே, அவனேதான். எட்டிப் பார்த்தவன், இதை யாரு பண்ணினதுக்கா, கண்காட்சியிலதான் வைக்கணும் என்றான். எஞ்சின் காற்றை இழுக்கும் ரப்பர் குழாய் எப்போதோ வெடித்திருக்கிறது. அதைச் சுற்றி சைக்கிள் டியூப், அதன்மேல் கறுப்பு டேப், அதன்மேல் ஏதோ பசை, பசை காயுமுன் இன்னொரு டேப். சூடு தாக்காமல் இருக்க இடையில் ஒரு அலுமினியத் தகடு. உற்றுப் பார்த்தால் தகடு இல்லை, என் பெரிய கேக் தட்டு. அந்தத் தட்டைத் தேடி நான் சமையலறைப் பரணையே கவிழ்த்தபோது, கூடவே நின்று டார்ச் அடித்தவர் உன் அப்பா.

அதோடு போகட்டும். காற்று வடிகட்டும் பெட்டியின் கொக்கிகள் உடைந்து, பெட்டியை ஒரு பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவருடைய பழுப்பு பெல்ட். கடைசி மாதங்களில் இளைக்க இளைக்க ஆணியால் குத்திக்கொண்டே போன ஓட்டைகள் வரிசையாக அப்படியே இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார், நினைவிருக்கிறதா, பெல்ட் எங்கேங்க என்று நான் கத்தியதற்கு, என்னைவிட அவசரமான ஆளுக்குக் கொடுத்திருக்கேன் என்றார். நான் ஏதோ தர்ம காரியம் என்று நினைத்துவிட்டேன்.

தம்பி சொன்னது இதுதான். விரிசல் வழியா எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காத்தைத் தூசியோட இழுக்குதுக்கா, இப்படியே ஓட்டினா எஞ்சினை உள்ளே அரிச்சிடும், மொத்தத்தையும் பிச்சு எறிஞ்சிட்டுப் புதுக் குழாய் போட்டுக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். இப்படியே நாலைந்து நாளைக்கு. அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், சிரிக்காதே. இந்தக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு சத்தம் வரும். உன் அப்பா வேலையிலிருந்து வந்து நாற்காலியில் உட்காரும்போது ஒரு பெருமூச்சு விடுவாரே, ஏதோ மலையைச் சுமந்து இறக்கிவைத்த மாதிரி, அதே நீளம், அதே முடிவு. அவர் இருந்தவரை அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இப்போது கறிவேப்பிலை வாங்கக்கூட இரண்டு சிக்னல் தள்ளி இருக்கிற கடைக்கு காரில் போகிறேன். குழாயை மாற்றினால் சத்தம் போய்விடும், மாற்றாவிட்டால் கார் போய்விடும். இதை யாரிடம் போய்க் கேட்பது.

முதலில் ஒரு நடுவழி பார்த்தேன். ஷாம்பு பாட்டிலை வெட்டி விரிசல்மேல் கட்டினேன், அவர் வேலையைத் தொடாமல். கடைத்தெரு வரை போய் வருவதற்குள் அது சூட்டில் தொய்ந்து பழைய சாக்ஸ் மாதிரி தொங்கியது, காரிலிருந்து மல்லிகை வாசம். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சரி, மாத்திடலாம், ஆனா பழசைப் பிரிக்கிறதை நான்தான் பிரிப்பேன் என்றேன். ஒவ்வொரு டேப்பாக உரித்தேன். பசையில் அவர் கட்டைவிரல் பதிந்து அப்படியே காய்ந்திருந்தது, ரேகைகூடத் தெரிந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பெரிய குழி. தம்பி ஸ்பானரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், நல்ல பிள்ளை.

புதுக் குழாய் போட்டோம், அதன்மேல் சூடு தாங்கும் வெள்ளித் துணி சுற்றினோம், புகைக் குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே நிஜமான தகடு வைத்தோம், காற்று இழுக்கும் வாயை வண்டியின் முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால் குளிர்ந்த காற்று படுகிற இடத்துக்கு நகர்த்தினோம். இப்போது முள் நடுவிலேயே நிற்கிறது, வண்டி குதிரை. ஆனால் அன்று மாலை, முதல் சிக்னலிலேயே காலை எடுத்தேன், சத்தம் வந்தது. அதே மூச்சு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே, என்னங்க, சௌகரியமா உட்கார்ந்திருக்கீங்களா என்று கேட்டுவிட்டேன். தையல்காரியிடம் சொன்னேன், அக்கா வித்துடுங்க, யார் தலையிலாவது கட்டிடுங்க என்கிறாள். நீயும் விற்கத்தான் சொல்வாய். விற்க மாட்டேன், வீட்டு ஆளை யாராவது விற்பார்களா.

நீ வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார், எஞ்சின் சூட்டில் மூடியைத் திறக்காதே, மருமகளோடு சண்டை போட்டாலும் சூடு ஆறிய பிறகுதான் திற. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இருங்கள் இருவரும், என் ஆயுளில் கொஞ்சம் உங்களுக்கும் சேரட்டும். பெல்ட் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, உனக்கு இப்போதைக்கு எட்டாது, தொப்பையைக் குறைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
கைநகத்தில் கிரீஸ் போகாத உன் அம்மா.

மடிக்கும்போது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு சத்தம் வருகிறது என்று மட்டும் தம்பியிடம் சொல்லியிருந்தேன். இன்று காலை அவன் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லையேக்கா என்றான். நம்பாமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் ஓட்டினேன். சிக்னலில் காலை எடுத்ததும் வந்தது. கேட்டுச்சா என்றேன். கேட்டுச்சுக்கா, வண்டி இல்ல, நீங்கதான் பெருமூச்சு விடுறீங்க என்றான்.