சமக்குறிக்குப் பின்

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி 2018

அன்புள்ள உங்களுக்கு,

அம்சவல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் சுகம். உங்களுக்கு இருமல் குறைந்ததா? சிறையில் வெந்நீர் கொடுக்கிறார்களா?

வாய்க்காலில் தண்ணீர் வந்து சம்பா நடவு முடிந்தது. எரிவாயுக் குழாய்க்காகத் தோண்டிப்போட்ட இடத்தில் மட்டும் நடவில்லை. அடிமண் மேலே வந்து கிடக்கிறது.

கணித ஆய்வேட்டைத் தைக்குள் கொடுத்தாக வேண்டும் என்று உங்கள் பேராசிரியர் சொல்லியனுப்பினார். நீங்கள் கணினியில் ஏற்றாமல் விட்ட பக்கங்களை உங்கள் கையெழுத்தைப் பார்த்து நானே அடிக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் தோழி ரசியா பேகம்தான், கணக்குக் குறிகளை அச்சில் கொண்டுவரும் லேடெக் என்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பின்னம் வரவேண்டுமானால் அதற்கான கட்டளையை அடித்து, மேலே உள்ளதை ஓர் அடைப்புக்குள்ளும் கீழே உள்ளதை இன்னோர் அடைப்புக்குள்ளும் போட வேண்டுமாம். ஓர் அடைப்பை மூட மறந்ததில் பக்கமே வரவில்லை. அழுதுவிட்டேன். “கணக்கு புரிய வேணாம்டி, தொறந்தத மூடு, போதும்” என்றாள் ரசியா.

நீங்கள் சரிபார்ப்பதற்காக நான் கட்டளைகளோடு அனுப்பிய தாள்களைச் சிறை அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றைப் பார்த்து, “என்னம்மா இது, ரகசிய பாஷையா?” என்று கேட்டார். அதனால் இப்போது அச்சான வடிவத்தையே அனுப்புகிறேன்.

வக்கீல் மீரா உசேன் அண்ணன் வந்திருந்தார். இனிக் குழாய்க்கு எதிரான போராட்டத்துக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஜாமீன் கிடைத்துவிடும் என்றார். “எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லு. எனக்கு எம்புள்ள துரைராசு வேணும்” என்று அத்தை அழுதார்கள். மறுநாளே குழாய்க்குத் தோண்டும் பொக்லைன் திரும்ப வயலுக்கு வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அத்தை அதன் முன்னால் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் கூடியதும் வண்டி போய்விட்டது. அதன்பிறகு ஜாமீனைப் பற்றி அத்தை பேசவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு சமன்பாடு பாதியில் நிற்கிறது. உங்களைப் பிடித்துப்போன காலையில் எழுதிக்கொண்டிருந்தீர்களே, அது. இடப்பக்கம் இருக்கிறது, சமக்குறி இருக்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை. அப்படியே அடித்தேன். கணினி பிழை என்று சொல்லவில்லை. வெற்றிடத்தோடு அழகாக வந்துவிட்டது. என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

வக்கீல் கொண்டுவரும் தாளில் உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். எதுவானாலும் நாங்கள் உங்கள் பக்கம். ஆனால் இந்தச் சமன்பாட்டின் வலப்பக்கத்தை மட்டும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அம்சவல்லி