பன்னிரண்டு துண்டாகப் போன படம்

இந்த வருஷமும் ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் நெட்வொர்க் படுத்துக்கொண்டது. மலைப் படிக்கட்டில் காவடி ஏறுவதை வீடியோ எடுத்துப் பேத்தி அனுப்பியிருந்தாள். என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் இரண்டு ஆடி ஆகிறது.

ஸ்கேன் சென்டரில் நான் தரை துடைக்கிறவள், நீ கம்ப்யூட்டர் பார்க்கிறவள். ஐந்தாவதோடு நின்றவள் என்று ஒருநாளும் என்னைத் தள்ளி வைத்ததில்லை. மத்தியானம் என் பாத்திரத்துக் காராமணிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, நம் சர்வரிலிருந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரி சர்வருக்குப் படம் போகிற கதையைச் சொல்வாய்.

“ஒரு தலை ஸ்கேன்ல நூத்துக்கணக்குல படம்க்கா. எல்லாத்தையும் அடுக்கினாத்தான் டாக்டருக்கு மண்டை புரியும்.”

“உன் மண்டைய அடுக்கினா இன்னா தெரியும்?”

“உன் கொழம்புதான்.”

பதினோரு வருஷத்துக்கு முந்தின அந்த ஆடிக் கிருத்திகை அன்று பேத்திக்கு ஆறு வயசு. மாடிப்படியில் உருண்டு விழுந்து, வாந்தி எடுத்தாள். நம் சென்டரிலேயே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லும்வரை குழந்தையை அசைக்க வேண்டாம் என்றார் மெட்ராஸ் டாக்டர். பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள் காலையிலேயே இன்டர்நெட் கேபிளை அறுத்திருந்தார்கள். உன் கையில் மிச்சம், போன் சிக்னலில் ஓடுகிற ஒரு டாங்கிள்தான். ஊர் கொள்ளாத கூட்டம், ஆளுக்கொரு போன். லைன் எப்படிக் கிடைக்கும்? டிஸ்கில் போட்டு ரயிலில் கொடுத்தனுப்பலாம் என்றால் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை.

முதல் தடவை முக்கால்வாசி போய் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து அனுப்பினாய். அதுவும் அறுந்தது.

“போன்ல போட்டோ அனுப்பினா சின்னதா ஆவுதே, அப்டி ஆக்கி அனுப்பேன்!”

“வேணாம்க்கா. அது கத்தரிக்கிறது. மெல்லிசா ஒரு விரிசல் இருந்தா அதான் மொதல்ல காணாம பூடும். நான் மடிச்சு அனுப்பறேன். அங்க பிரிச்சா முழுசா இருக்கும்.”

“இன்னும் எத்தினி நேரம்டி? புள்ள கண்ண மூடிகினே கெடக்குது!”

“துண்டு துண்டா அனுப்பறேன். அறுந்தா அந்தத் துண்ட மட்டும் திரும்ப அனுப்பினா போதும்.”

அப்போதுதான் சொன்னேன். “உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா தெரியும்.”

கீபோர்டின் மேல் உன் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டத் தொடங்கியது.

பன்னிரண்டு துண்டும் போய்ச் சேர்ந்தன. நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. “போனா போதாது, போன மாதிரியே போச்சான்னு பாக்கணும்” என்றாய். ஒவ்வொரு துண்டுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண் போட்டுத் தருமாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். போனில் மெட்ராஸ்காரரோடு வரிசையாகப் படித்தாய். ஏழாவது ஒத்துவரவில்லை. அதை மட்டும் திரும்ப அனுப்பினாய். “ஆங், இப்ப சரி. பிரிங்க சார்.”

டாக்டர் கூப்பிட்டார். முடி மாதிரி ஒரு விரிசல், அதன் கீழே ரத்தம் கசிகிறது, தலை ஆடாமல் உடனே கொண்டுவாருங்கள் என்றார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது ஓடிவந்து, தண்ணீர் பாட்டிலை என் மடியில் போட்டாய். “இன்னா ஆச்சுன்னு போன் பண்ணுக்கா.”

பிள்ளை பிழைத்தாள். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஊரெல்லாம் சொல்லி அலுக்கவில்லை எனக்கு.

அதன் பிறகு ஒன்பது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்தச் சொல்லை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. நீ படுக்கையில் கிடந்தபோது, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றே வந்தேன். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் பேத்தியிடம் இதைச் சொன்னேன்.

“நீ சாரி கேட்டியா ஆயா?”

“கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா அவளுக்கு அது ஞாபகம் வந்துடுமேன்னு.”

“ஞாபகம் இல்லாமயா இருந்திருக்கும்?”

அவள் சொன்னது சரிதான். உனக்கு மறந்திருக்காது. மறக்காமலேதான் என் பாத்திரத்தில் கை வைத்திருக்கிறாய். மன்னித்துவிடு.

போன மாதம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஒருத்தி தன் நாத்தனாரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். “உனக்குன்னு ஒரு புள்ள” என்று ஆரம்பித்தாள். முன்பின் தெரியாதவள். எட்டி அவள் கையைப் பிடித்தேன். “வேணாம்மா, சொல்லாத.”

“யாருமா நீ? உனக்கு இன்னா வந்துச்சு?” என்று என்மேல் பாய்ந்தாள். இறங்கும்வரை என்னைத்தான் திட்டினாள். அந்த மீதிச் சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.