முப்பத்தோரு நாள் அப்பா

சரகோசா,
3 மார்ச் 1987

அன்புள்ள நியேவெஸ் அக்காவுக்கு,

அப்பா பத்திரமா வந்து சேர்ந்தார். ஆனா ஒண்ணு கேக்கணும். ஆளுக்கு ஒரு மாசம்னு அப்பாவைப் பங்கு போட்டோமே, ஜனவரி, மார்ச், மே எல்லாம் என் தலையில. அத்தனையும் முப்பத்தோரு நாள்! நீ பிப்ரவரியை வாங்கிக்கிட்டு இருபத்தெட்டோட கை கழுவிட்டே. இது நியாயமா?

வகுப்பிலயும் நிம்மதி இல்ல. நம்ம ஸ்பானிஷ் பாஷை படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் 'தோக்கார்'ங்கற வினைச்சொல்லை நடத்தறேன். தொட்டாலும் தோக்கார், கதவைத் தட்டினாலும் தோக்கார், கித்தார் வாசிச்சாலும், லாட்டரி விழுந்தாலும், நம்ம முறை வந்தாலும் அதேதான். சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. அப்பாகிட்ட ஒரு உதாரணம் கேட்டேன். சூப்பைக் குடிச்சுக்கிட்டே சொன்னார்: "எதிர்வீட்டுக்காரனுக்கு லாட்டரி விழுந்தது. என் பிள்ளைங்களுக்கு நான் விழுந்தேன்." அப்படியே கரும்பலகையில எழுதிப் போட்டேன். வகுப்பே சிரிச்சுது.

பதில் போடு.

உன் தம்பி,
எவுசேபியோ


லோக்ரோன்யோ,
11 மார்ச் 1987

எவுசேபியோ,

நாளா எண்ணிக்கிட்டிருக்கே? ஆகஸ்ட் எனக்குத்தானேடா வருது, அதுக்கு எத்தனை நாளாம்? வாத்தியாருக்கு அது மட்டும் மறந்துடுமே!

மீன்கடையில மத்தியானம் வரைக்கும் ஐஸ்ல கையை விட்டு நிக்கறேன். வீட்டுக்கு வந்தா அவரைக் குளிப்பாட்டணும், மருந்து கொடுக்கணும். எனக்கும் முடியலடா. உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா, இனிமே பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை மாத்திக்கலாம். பஸ்ல ஏத்திவிடு, நான் இறக்கிக்கறேன்.

அப்பா சொன்னதைப் படிச்சு எனக்குச் சிரிப்பு வரல. அதைப் போய்ப் பலகையில எழுதினியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?

நியேவெஸ்


சரகோசா,
20 மார்ச் 1987

அன்புள்ள அக்கா,

நேத்து சான் ஹோசே நாள். ஊரே அப்பாக்களுக்கு வாழ்த்துச் சொல்ற நாளாச்சேன்னு கேக் வாங்கிக்கிட்டு வந்தேன். அப்பா கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். பக்கத்துல பெட்டி. உன் கடிதத்தை மேஜை மேலயே விட்டுட்டுப் போயிருந்தேன், அறிவுகெட்டவன்.

ஊருக்கே போறாராம், அவர் சிநேகிதர் பெனிக்னோ வீட்டுக்கு. ரெண்டு பேருமா சமைச்சுச் சாப்பிட்டுக்குவாங்களாம். "பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை பஸ் ஏற என் முட்டி தாங்காதுடா"ன்னார். குரல்ல கோபமே இல்ல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

பெட்டியை வாங்கப் போனேன். "தொடாதே"ன்னார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பிப் பாக்கல. அழுகையா வருது அக்கா. ஏப்ரலுக்கு நீ கட்டில் போட்டு வைக்க வேண்டாம்.

எவுசேபியோ