நாலு பேருக்கு ஒரு ஆட்டம்

ஜூன் 3

அன்புள்ள ஆண்டவளே,

நலமா? அப்பா எப்படி இருக்கிறார்? போனில் கூப்பிட்டால் ரெண்டு வார்த்தைக்குள் "அப்பா கூப்பிடறார், வெக்கறேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம். மெதுவாகப் படி.

மாற்றல் கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் நடுவிலிருந்து நம் ஊரிலேயே மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கப் போகிறேன். இங்கே கூட வேலை செய்கிற பெண்களிடம் நம் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். "ஒருத்தி கதை சொல்வா. மத்தவங்க கதைக்குள்ள ஆளா இருந்து, இதைச் செய்யறேன், அதைச் செய்யறேன்னு சொல்வோம். நடக்குமா நடக்காதான்னு பகடையை உருட்டிப் பார்ப்போம். கதை சொல்றவ சாகட்டும்னா சாக வேண்டியதுதான், அதான் அவளுக்கு ஆண்டவள்னு பேர்" என்றேன். "யார் ஜெயிப்பாங்க?" என்றாள் ஒருத்தி. யாரும் இல்லை என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை ஒரே ஆட்டமுறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்போம். மாற்றி மாற்றி ஆடி, ஆறு வருஷத்தில் ஒரு கதையாவது முடிந்ததா? என் ஓட்டு குண்டுப் புத்தகத்துக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. எனக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவர்கள் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? உனக்குப் பிடித்தது எது?

உன்
வக்கீல்


ஜூன் 24

அன்புள்ள வக்கீலுக்கு,

நீ வருவதில் ரொம்ப சந்தோஷம். இதை மூன்று தவணையாக எழுதுகிறேன். மை நிறம் மாறினால் கண்டுகொள்ளாதே.

அப்பாவுக்கு இடது பக்கம் இன்னும் அசைவு வரவில்லை. காலையில் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வார்டுக்கு ஓடுகிறேன். அங்கே டயாலிசிஸ் மிஷின் எட்டு, ஆட்கள் ரெண்டு பேர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிஷம் யோசிக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஒல்லிப் புத்தகம். இருபத்து நாலு பக்கம், சாதாரணப் பகடை ரெண்டு. குண்டுப் புத்தகத்தில் நீங்கள் ஆடுவது மூன்று மணி நேரம், நான் தயார் செய்வது ஒரு நாள் முழுக்க. ஆனாலும் எல்லாரும் சொல்வதே இருக்கட்டும்.

ஆண்டவள்


ஜூலை 2

அன்புள்ள ஆண்டவளே,

ஒல்லிப் புத்தகமா? மதிலிலிருந்து விழுந்தால் எவ்வளவு அடி படும் என்று அதில் ஒரு வரி உண்டா? "உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்" என்று போட்டிருக்கிறான். தோன்றியதைச் சொல்ல ஒரு புத்தகம் எதற்கு?

நம்மோடு ஆடுகிற மற்ற ரெண்டு பேரிடமும், டிரைவிங் மாஸ்டரிடமும் பேக்கரிக்காரரிடமும், பேசிவிட்டேன். ரெண்டு பேருமே குண்டு. மூன்றுக்கு ஒன்று, தோற்றுவிட்டாய்! புதுப் பதிப்பைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோட்டைக் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பி. அந்தப் பூட்டின கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ரெண்டு வருஷமாகத் தவிக்கிறேன்.

வெற்றி பெற்ற
வக்கீல்


ஜூலை 19

வக்கீலுக்கு,

பார்சல் வந்தது. புத்தகம் இப்போது அப்பாவின் கட்டில் காலுக்கு அடியில் இருக்கிறது. சாப்பிடும்போது புரை ஏறுகிறது, தலைப்பக்கத்தை உயர்த்துங்கள் என்றார் டாக்டர். பழைய பதிப்பு ஒரு காலுக்கு, புதுசு இன்னொரு காலுக்கு. கோபித்துக்கொள்ளாதே.

எந்த ஆட்டம் என்று கேட்டீர்கள். கதையை யார் சொல்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வார்டில் "இப்ப ஊசி போடுவேன், கொஞ்சம் மரத்துப்போகும், நாலு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று அடுத்து நடக்கப்போவதைச் சொல்வது என் வேலை. இன்று என்ன கிழமை, இறந்துபோன அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று அப்பாவுக்குச் சொல்வதும் என் வேலை. இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாதுடீ. யாராவது எனக்குச் சொன்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

நான்


ஆகஸ்ட் 5

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை வேலை மேஜையிலேயே வைத்து நாலு தடவை படித்தேன். ஒரு ஜோடி லென்ஸைத் தப்பான பவரில் தேய்த்துவிட்டேன்.

ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது உனக்குக் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டேனா? எனக்காக நானே வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். ஒல்லிப் புத்தகம், கதை நான் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் இங்கே பெண்களை வைத்துப் பழகினேன். குகைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே வர வழி வைக்க மறந்துவிட்டேன். "அப்ப நாங்க இங்கயே குடித்தனம் பண்ணணுமா?" என்கிறார்கள்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு மூன்று மணிக்கு உன் வீட்டுக்கே வருகிறோம். டீ கூடப் போடாதே. அப்பாவும் நம்மோடு உட்காரட்டும், தூக்குவதற்கு ரெண்டு ஆம்பளைகள் இருக்கிறார்கள். நீ கதைக்குள் உனக்கென்று ஒரு ஆளை மட்டும் உண்டாக்கி வை. எங்களுக்கெல்லாம் இருந்தது, உனக்கு இருந்ததே இல்லையே. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் வந்துவிடுவோம்.

வக்கீல்


ஆகஸ்ட் 28

அன்புள்ள வக்கீலே,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் சொல்ல வராது. மிஷின் ஓடுகிற நேரத்தில் வார்டிலிருந்து எழுதுகிறேன்.

நீ ரொம்ப மோசமாகக் கதை சொல்கிறாய். படகுத்துறைக் காவலாளி முதலில் ஊமை என்றாய், அப்புறம் அவன் பாட்டுப் பாடினான். பேக்கரிக்காரர் அவனோடேயே சண்டைக்கு நின்றார். அப்பா வலது கையால் உருட்டி, என்ன விழுந்தாலும் "ஆறு" என்றார். நீயும் ஆறு என்றே எழுதிக்கொண்டாய். வக்கீல் செய்கிற காரியமா அது?

என் படகோட்டிப் பெண் துறையை விட்டுக் கிளம்பினது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. என் மேல் போர்வை. நீங்கள் கிசுகிசுத்து ஆடிக்கொண்டிருந்தீர்கள். "என் ஆள் எங்கே?" என்று பதறினேன். "படகுல தூங்கறாங்க. எழுப்ப வேணாம்னு நாங்கதான் துடுப்பு போடறோம்" என்றார் மாஸ்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ஆட்டம் நன்றாக இருந்ததா என்று தெரியாது, பாதிக்கு மேல் கேட்கவே இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

படகோட்டி