காதுக்குள் மழை வைத்த மாதம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கடை திறக்க ஏழரை. நேற்று வேலூர் போய் வந்த அலுப்பு.

காது மிஷின் வந்துவிட்டது. ஒரு மாதம் டிரையல், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு காதுக்கும் பின்னால் உட்காருகிறது, மொச்சைக்கொட்டை அளவு. அதிலிருந்து மெல்லிய வயர் காதுக்குள். கேட்கவும் உதவுமாம், கூடவே மழைச் சத்தமும் போடுமாம். போனில் விரலால் தள்ளினால் மழை கூடும், குறையும்.

வேலூரில் டெஸ்ட் எடுத்த பெண் ஓர் அட்டை கொடுத்திருக்கிறாள். தினமும் நிரப்ப வேண்டும். கா.இ. (காது இரைச்சல்) பத்துக்கு எத்தனை. தூ. (தூக்கம்) எத்தனை மணி. இரைச்சலை மறந்திருந்த நேரம். இந்தக் கடைசிக் கட்டத்தை எவன் நிரப்புவது? மறந்திருந்தேன் என்று நினைத்த உடனே அது கத்த ஆரம்பிக்கிறதே. கோடு போட்டுவிட்டேன். அட்டையில் கொள்ளாதது இந்த நோட்டில்.

இன்று கா.இ. 7. தூ. 4.

இரண்டு வருடமாக ஙொய். கொதிக்கிற குக்கர் விசில் வராமல் நிற்கிற மாதிரி. பூச்சி புகுந்துவிட்டது என்று எண்ணெய் விட்டேன், உப்புத் தண்ணீர் விட்டேன், வீட்டில் எல்லோரையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள். "காதுல ஒண்ணும் இல்லம்மா. சன்னமான சத்தமெல்லாம் உங்களுக்குக் கம்மியாதான் கேக்குது. வர்றது கம்மியானதும் மூளை தேட ஆரம்பிக்குது, தானே சவுண்ட ஏத்தி வச்சுக்குது. அந்த இரைச்சல்தான் இது."

பஸ்ஸில் வழியெல்லாம் இதே யோசனை. எனக்குத் தெரியாமல் என் தலைக்குள் ஒருவர் உட்கார்ந்து கேட்காத சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

குணமாகுமா என்று கேட்டேன். "நிறுத்தாது. சிலருக்கு நல்லா உதவுது, சிலருக்கு உதவல. பாத்துட்டு சொல்லுங்க." ஆமாம் என்று பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

எனக்கு வேண்டியது தூக்கம்கூட இல்லை, காய் பார்க்கிற காது. கோபுர வாசலில் இத்தனை தேங்காய்க் கடை இருக்க, இந்தக் கடைக்கு வருவது "அந்தக்கா சுண்டிக் குடுத்தா அழுகல் வராது" என்றுதான். குடுமியைப் பிடித்து, நகத்தால் ஒரு சுண்டு, இடது காதோரம் ஒரு குலுக்கு. அவ்வளவுதான் தொழில். இப்போது காய்த் தண்ணீரும் ஙொய்யும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. போன மாதம் மூன்று அழுகல். சாமி முன்னால் அழுகல் காய் உடைந்தால் அந்தக் குடும்பம் எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதமும் சரிவரவில்லை என்றால் கடையில் நான் உட்காரக் கூடாது. இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

கேட்டவை:
கண்ணாடி வளையல்.
பால் கவரின் நறநற.
எதிர்க்கடை பூக்காரி நார் கிழிக்கும் சத்தம். நாருக்குச் சத்தம் உண்டா.
என் செருப்பு.
ரசத்தில் பெருங்காயம் விழும் சுர்.

இதெல்லாம் இருந்ததா இத்தனை நாள்? நான்தான் இல்லாமல் இருந்தேனா? பூக்காரியை இன்னொரு நார் கிழிக்கச் சொன்னேன். "இன்னாக்கா, பேய் அறஞ்ச மாதிரி பாக்கற?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாடியில் குடியிருக்கும் சார், பேங்கில் ரிட்டயர் ஆகித் தியானம் பண்ணவே சென்னையிலிருந்து வந்தவர். விஷயம் கேள்விப்பட்டு இறங்கி வந்தார். இரைச்சல் எப்படி இருக்கும், விட்டு விட்டா, தொடர்ந்தா, எந்தக் காது, எல்லாம் விசாரித்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மா, அது நாதம்மா. உள்ளேர்ந்து வர்ற ஓங்காரம். அதைக் கேக்கணும்னு நான் பதினோரு வருஷமா உக்கார்றேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்குத் தானா வந்திருக்கு, அதைப் போய் மிஷின் வச்சு மூடறீங்களே."

"வேணும்னா நீங்க எடுத்துக்குங்க சார், நான் சும்மாவே தரேன்."

அவர் சிரிக்கவில்லை. போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இவர் உள்ளே இருந்து, "இனிமே உன்ன எழுப்பி டீ கேக்கலாமா கூடாதா?" என்கிறார். கிண்டல்.

கா.இ. 7. தூ. 5.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

கூட்டம். காலையிலேயே கிரிவலத்துக்கு ஊர் நிரம்பிவிட்டது.

போனில் மழையைக் கடைசி வரை தள்ளிவிட்டேன். ஙொய் மறைந்தது. துடைத்த மாதிரி. இரண்டு வருடத்தில் முதல் தடவை. மழை மட்டும், மழை மட்டும். சிரித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தேன்.

பதினோரு மணிக்குப் போளூர் பக்கத்து அம்மா ஒருவர், நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன். "நல்ல காயா பாத்துக் குடுங்கக்கா." சுண்டினேன். குலுக்கினேன். மழை. எடுத்துக்கொண்டு போங்க, நல்ல காய் என்றேன்.

அரைமணியில் திரும்பி வந்தார். சண்டை போட வரவில்லை. கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தட்டில் உடைந்த காய், உள்ளே கறுத்து, நாற்றம். வேறு காய் கொடுத்தேன். "திருஷ்டி கழிஞ்சதும்மா, எல்லாம் அதோட போச்சு" என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். தலையாட்டினார். "நான்தான் நேர்ந்துக்கிட்டத முடிக்காம விட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

பிறகுதான் உறைத்தது. நான் அந்தக் காயைக் கேட்கவே இல்லை.

அட்டை எழுதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வேலூர் பெண்ணுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.

"மழைய இரைச்சலுக்கு மேல வச்சீங்களா? எல்லாரும் முதல்ல அதத்தாம்மா செய்வாங்க. அத மூடக் கூடாது. மழை அதுக்குக் கீழ இருக்கணும். ரெண்டும் சேந்து கேக்கணும். அப்பதான் மூளை இது ஆபத்து இல்லனு பழகும். காய் பாக்குறப்போ மழைய நிறுத்திடுங்க, கேக்குறதுக்கு மட்டும் மிஷின் போதும்."

நான் அதைத் தீர்த்துக்கட்டப் பார்த்தேன். இவள் அதோடு உட்காரச் சொல்கிறாள்.

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "கடைய நான் பாத்துக்கறேன்னு சொன்னா உனக்குக் கோவம் வருமா?" என்றார். வரும் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாடி சார் விடவில்லை. செங்கம் ரோட்டில் அவர் போகும் தியான மண்டபத்துக்கு இன்று ஒரு தடவை வாருங்கள் என்று. மிஷினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள், ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. ஊரே தேடி வருகிற அமைதி. எனக்குள் ஙொய் எழும்பி மண்டபம் முழுக்க நிறைந்தது. பத்து நிமிடம் தாங்கவில்லை. வெளியே ஓடி வந்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டதும் உயிர் வந்தது.

சார் பின்னாலேயே வந்தார். "கஷ்டமாம்மா அது?" என்றார். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை. கஷ்டம் சார் என்றேன். ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அமைதி கூடினால் இரைச்சல் கூடுகிறது. மூளை மறுபடி தேடப் போய்விட்டது போல.

ஜூலை 14, திங்கள்

இன்று அந்தப் போளூர் அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். பேர் தெரியாது, ஆஸ்பத்திரி தெரியாது. காலையிலிருந்து கை ஓடவில்லை. தப்பு என் காது மேல், அந்த அம்மா தன் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கா.இ. 8.

ஜூலை 22, செவ்வாய்

மேகம். மலை உச்சி தெரியவில்லை.

பழகிக்கொண்டிருக்கிறேன். சும்மா இருக்கும்போது மழை, இரைச்சலுக்கு ஒரு படி கீழே. காய் எடுக்கும்போது மழை நிறுத்தம். ஒரு காய்க்கு மூன்று சுண்டு. சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுகிறேன். ஒதுக்கியதை வீட்டில் உடைத்துப் பார்க்கிறேன். ஒன்பதில் ஆறு நல்ல காய், மூன்று அழுகல். தினமும் தேங்காய்ச் சட்னி, இவர் முகம் சுளிக்கிறார். ஆனால் "இது அழுகல்" என்று நிச்சயமாகச் சொன்னது இரண்டும் அழுகலேதான். உடைந்ததும் இவர் என்னைப் பார்த்த பார்வை.

கா.இ. 6. தூ. 6. வேலூர் பெண்ணிடம் போனில் கேட்டேன், ஏழிலிருந்து ஆறு, இவ்வளவுதானா என்று. "நம்பர் பெருசா இறங்காதும்மா. அது இருக்கறப்போ உங்களால என்னென்ன முடியுது, அதப் பாருங்க. இதுலயும் பலன் இல்லனு திருப்பிக் குடுக்கறவங்க இருக்காங்க."

சாயந்திரம் மணியைப் பார்த்தேன், வாடிக்கையாளர் ஒருவரோடு மண்டி விலை பேசி முடித்த பிறகு. கால்மணி நேரம் இந்த இரைச்சல் எங்கே போயிருந்தது? காதிலேயே இருந்திருக்கிறது. நான்தான் பக்கத்தில் இல்லை. எப்படி இப்படி ஓர் ஏற்பாடு மனுஷத் தலைக்குள்.

ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி

காய் மூன்று மூட்டை. கூட்டம் நெரிசல்.

பத்து மணிக்கு அந்தப் போளூர் அம்மா. பக்கத்தில் ஒருவர், கழுத்தில் துண்டு சுற்றி. வந்துவிட்டார். உயிரோடு.

"கட்டி கெட்டது இல்லனுட்டாங்கக்கா. நேந்துக்கினத முடிக்க வந்துருக்கோம். குரல்தான் போச்சு. இவரு பேசறது யாருக்கும் கேக்கல, எழுதித்தான் காட்றாரு. நான் பண்ண பாவம், சாமி அன்னிக்கே காய்ல காட்டிடுச்சு."

இதற்குமேல் அடக்க முடியவில்லை. வரிசையில் ஆள் நிற்க, எல்லார் எதிரிலும் சொன்னேன். "சாமி ஒண்ணும் காட்டலம்மா. எனக்குக் காதுல இரைச்சல். மிஷின்ல சத்தத்த ஜாஸ்தி வச்சுக்கினு, அந்தக் காய நான் கேக்காமலே குடுத்துட்டேன். தப்பு என்னுது."

அந்த அம்மா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. "மூணு வாரமா சோறு எறங்கலக்கா எனக்கு" என்றார். அவ்வளவுதான்.

வரிசையில் இருந்த இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும்.

"இப்போ கேக்குதா உங்களுக்கு?" என்றார் அந்த அம்மா.

"கேட்டுட்டுதான் தருவேன்."

மழையை நிறுத்தினேன். முதல் காய், வேண்டாம். இரண்டாவது சரிதான், ஆனாலும் வைத்துவிட்டேன். மூன்றாவது. ஙொய் அதுபாட்டுக்கு இருந்தது, போகவில்லை. அதற்கு இந்தப் பக்கம் தனியாக, தெளிவாக, ஓட்டுக்குள் தண்ணீர் புரண்டது. இவ்வளவு சன்னமான சத்தத்தை அந்த இரைச்சலிலிருந்து பிரித்து என் கையில் கொடுப்பது யார்? கூட்டம், வெயில், எதுவும் தெரியவில்லை. மறுபடி குலுக்கினேன். தேவைக்கு இல்லை, கேட்கத்தான்.

போனார்கள். அவர்கள் கோயிலிலிருந்து வரும்வரை நான் வேறு எதையும் விற்கவில்லை, இவர்தான் கடையைப் பார்த்தார். முக்கால் மணி நேரம்.

திரும்பி வந்து தட்டை நீட்டினார் அந்த அம்மா. வெள்ளை வெளேரென்று இரண்டு மூடி. அவருடைய வீட்டுக்காரர் ஒரு சில்லு எடுத்து என்னிடம் கொடுத்து உதட்டை அசைத்தார். மூச்சு மட்டும்தான் வந்தது. அந்த அம்மா பையில் நோட்டும் பேனாவும் தேட ஆரம்பித்தார்.

"வேணாம்மா, எடுக்காதீங்க" என்றேன். "இனிப்பா இருக்குனு சொல்றாரு. கேட்டுச்சு."