பின்வாசலில் வந்த மஞ்சள் வளையப் பாம்பு

அன்புள்ள அம்மாவுக்கு, அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? தனியாக இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் கருமாதி முடிந்து சுங்கை பட்டாணியிலிருந்து இங்கே ஜெராம் திரும்பிய மூன்றாம் நாள் காலை, பின்வாசலில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கறுப்பு உடல், மஞ்சள் வளையங்கள். பயப்படாதீர்கள், நான் தள்ளித்தான் நின்றேன். பக்கத்து வீட்டுக் கண்மணி அக்கா மஞ்சளும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பாதான் மகளப் பாக்க வந்திருக்காரு லா. பொம்பாவக் கூப்பிடாத."

"அப்பாவுக்கு முட்டையே ஆகாதேக்கா," என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

ஆனாலும் கட்டுவிரியனோ என்ற பயத்தில் பொம்பா தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டேன். வந்த தீயணைப்பு வீரர் வாசு குனிந்து பார்த்தார்.

"கட்டுவிரியன் இல்லக்கா. வளையம் மெல்லிசா இருக்கு, உதடு மஞ்சள். இது ஆத்தோரக் காட்டுப் பாம்பு. கடிச்சாலும் உயிர் போகாது. அங்கேயே கொண்டுபோய் விட்டுடுறோம்."

அது வெறும் பாம்புதான் அம்மா. எனக்குத் தெரியும். ஆனால் பாம்பைப் பிடித்துப் போட்ட சாக்கை லோரியில் ஏற்றியபோது, "போயிட்டு வாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார் அல்லவா. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் அப்பாவின் டார்ச் லைட்டைக் கொடுத்தனுப்புங்கள். பின்வாசலில் வெளிச்சம் போதவில்லை. முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள்.

தோட்டத்து ஆபீஸ் வேன் வந்துவிட்டது, வேலைக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
அம்சவள்ளி